பூணூலோடு பேசிய வேதம்

பண்பாட்டோடு உரையாடுகிறது கிறித்தவம் என்கிறார்கள். அறிவுலகம் எழுப்பும் ஐயங்களுக்கு அஞ்சாமல் விடை சொல்லும் விசுவாசம் இது என்கிறார்கள். மறைக்கல்லூரிகளிலே இதற்கெனப் பாடம் உண்டு. கருத்தரங்குகளிலே இதற்கெனக் கட்டுரைகள் உண்டு. 'பண்பாட்டுமயமாதல்' என்று பெயரும் சூட்டியாகிவிட்டது. தத்துவ போதகர் காவி உடுத்தியதும், வீரமாமுனிவர் காவியம் படைத்ததும், போப் திருவாசகத்திற்கு உருகியதும் சான்றுகளாக அடுக்கப்படுகின்றன.

மகிழ்ச்சி! உரையாடலை வெறுப்பவன் அல்லன் பகுத்தறிவாளன். கேட்ட கேள்விக்கு நரகத்து நெருப்பைக் காட்டாமல் விடை காட்ட எவர் முன்வந்தாலும், எதிரே பாய் விரித்து அமர்ந்து பேச அவன் அணியமாகவே இருக்கிறான். ஆனால் தோழர்களே, உரையாடலுக்கு இருவர் வேண்டும். ஒருவர் கிறித்தவம், ஒப்புக்கொண்டோம். மற்றவர் யார்? பண்பாடு, பண்பாடு என்று பலமுறை சொல்லப்படுகிறதே, அது எவருடைய பண்பாடு? வலை பின்னுகிறவனுடையதா, வேதம் ஓதுகிறவனுடையதா? பனையேறுகிறவனுடையதா, பல்லக்கேறுகிறவனுடையதா? சேதுச் சீமையின் கரையோரத்துப் பள்ளி ஒன்றில் வரலாறு கற்பிப்பவன் என்ற முறையில் இந்தக் கேள்வியை எழுப்புகிறேன். ஏனெனில் இதற்கான விடை இந்தக் கரையிலேயே கிடக்கிறது.

கரையிலிருந்தே தொடங்குவோம். 1530-களின் நடுவில், முத்துக் குளித்த பரதவர்கள் ஆயிரமாயிரமாகத் திருமுழுக்குப் பெற்றனர். மறைநூலை ஆராய்ந்து மனம் மாறினார்களா? இல்லை. கடலிலே பகை, கரையிலே கொடுமை, காப்பதற்குப் போர்த்துக்கீசியனிடம் பீரங்கி இருந்தது. பீரங்கியின் நிழலிலே சிலுவை வந்தது. 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். மன்றாட்டுகளைத் தமிழில் பெயர்க்கச் செய்து, மனப்பாடமாக்கி, மணியடித்துச் சிறுவரைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார். மண்டபத்துக்கு அருகிலுள்ள வேதாளையிலே போர்த்துக்கீசியரின் கோட்டை இருந்தது. இராமேசுவரம் செல்லும் யாத்திரிகரிடம் அங்கிருந்த தளபதி காசு பறித்தான். அதனால் மூண்ட பகையில், 1549-இல் அந்தோணி கிரிமினாலி என்ற இயேசு சபைத் துறவி குத்திக் கொல்லப்பட்டார். காசு பறித்தவன் தளபதி. உயிர் கொடுத்தவர் துறவி! மதமும் அரசும் ஒரே படகில் ஏறினால் யார் மூழ்குவர் என்பதற்கு வேதாளை ஒரு பாடம்.

அதே கரையிலேதான் இன்னொன்றும் நடந்தது. அண்டிரிக் அடிகளார் என்று நாம் அழைக்கும் என்றிக்கே என்றீக்கசு இங்கே வந்தார். யூதக் குடியில் தோன்றியவர் என்ற ஒரே காரணத்துக்காகப் பிரான்சிஸ்கன் சபையை விட்டு வெளியேற நேர்ந்தவர் அவர். பிறப்பைக் கொண்டு மனிதனை அளக்கும் பித்து ஐரோப்பாவிலும் இருந்தது என்பதை அவர் உடம்பே அறிந்திருந்தது! அந்த மனிதர் பரதவரின் பேச்சைக் கற்றார். தமிழுக்கு இலக்கணம் எழுதினார். பரதவர் கொடுத்த பொருளைக் கொண்டு அச்சு வேலை தொடங்கினார். 1578-ஆம் ஆண்டு கொல்லத்திலே 'தம்பிரான் வணக்கம்' அச்சாயிற்று. பதினாறே பக்கம். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் அச்சேறி நமக்குக் கிடைத்துள்ள நூல்களுள் மூத்தது அதுவே. 1586-இல் 'அடியார் வரலாறு' வந்தது.

எண்ணிப் பாருங்கள்! தமிழ் எழுத்தை முதன்முதலில் ஈய அச்சிலே ஏற்றிய பெருமை எந்த மடத்துக்கும் இல்லை. எந்த அரண்மனைக்கும் இல்லை. எந்த அக்கிரகாரத்துக்கும் இல்லை. மூச்சடக்கி மூழ்கி முத்தெடுத்தவனின் காசு அது! அவனோடு நடந்ததுதான் உண்மையான உரையாடல். அவன் மொழியைக் கற்றனர். அவன் மொழியிலே எழுதினர். அவன் கையிலே நூலைக் கொடுத்தனர். நூலிலுள்ள கொள்கையை நாம் ஏற்கவில்லை. ஆனால், படிக்கக்கூடாது என்று விலக்கப்பட்டவனுக்காக நூல் அச்சானதை வாழ்த்தாமல் இருக்க நம்மால் முடியாது.

இந்தப் பெருமையைக் கருத்தரங்குகள் முன்வரிசையில் வைக்கின்றனவா? இல்லை! முன்வரிசையில் வீற்றிருப்பவர் வேறொருவர்.

1606-இல் மதுரைக்கு வந்தார் இராபர்ட் தெ நொபிலி. அங்கே ஏற்கெனவே ஒரு கோவில் இருந்தது. ஒரு பாதிரியார் இருந்தார். கரையிலிருந்து வந்து தங்கிய பரதவக் கிறித்தவர் இருந்தனர். நொபிலி என்ன செய்தார்? அவர்களிடமிருந்து விலகினார். தனி இல்லம், தனிக் கோவில், பிராமணச் சமையல், காவி உடை, மார்பிலே பூணூல்! 'நான் பரங்கியன் அல்லன். உரோமாபுரியிலிருந்து வந்த உயர்குடித் துறவி' என்று அறிவித்தார். கரையோரக் கிறித்தவம் 'பரங்கி மார்க்கம்' என இழிவாகப் பேசப்பட்டது. அந்த இழிவைத் துடைக்க அவர் முயலவில்லை. அதனின்று ஒதுங்கி நின்றார். பழைய பாதிரியார் முறையிட்டார். கோவாவிலே விசாரணை நடந்தது. வழக்கு உரோமாபுரி வரை சென்றது. 1623-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி ஆணை பிறப்பித்தார். புதிதாகக் கிறித்தவரானவர் பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ளலாம் என்பது தீர்ப்பு.

நொபிலியின் அறிவை நாம் மறுக்கவில்லை. தமிழும் வடமொழியும் தெலுங்கும் கற்றவர், 'ஞானோபதேசம்' எழுதியவர், தமிழ் உரைநடையிலே தத்துவத்தைப் பேச வைத்தவர். அந்த அறிவு எந்த வாதத்துக்குப் பயன்பட்டது என்பதே நம் கேள்வி. அவர் வாதத்தின் சாரம் இது: பூணூல் சமயக் குறியன்று, சமூக நிலையைக் காட்டும் சின்னம். குடுமியும் அப்படியே. ஆகவே சமயத்தை மாற்றிக்கொள்பவன் சின்னத்தை மாற்ற வேண்டுவதில்லை.

கேட்பதற்கு அறிவார்ந்த வாதம். அதையே உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம். பூணூல் சமயக் குறி என்றால், ஏசுவை ஏற்றவன் அதை அணிவது அவர்கள் கணக்கிலேயே குற்றம். அது வெறும் சமூகச் சின்னம் என்றால், அதற்குத் தெய்வீகம் ஏதும் இல்லை; கழற்றி எறிவதாலே எந்தக் கடவுளுக்கும் கோபம் வராது! புனிதமில்லாத ஒன்றைக் காப்பதற்காக மனிதனை மனிதனிடமிருந்து பிரிப்பானேன்? இருவழியிலும் அந்த நூல் அறுபட வேண்டியதே. அறுபடாமல் போனதற்குக் காரணம் ஒன்றுதான்: உரையாடல் நடந்தது பண்பாட்டோடு அன்று, அதிகாரத்தோடு. மேலிருப்பவன் வந்தால் கீழிருப்பவன் தானே வருவான் என்ற கணக்கு அது.

கணக்கும் பொய்த்தது! மேற்சாதியினர் வந்தது சிலரே. திரளாக வந்தவர்கள் உழைப்பாளரும் ஒடுக்கப்பட்டோரும். அவர்களுக்கென்று 1640 அளவில் 'பண்டாரசாமிகள்' என்ற தனிவகைக் குருமார் தோன்றினர். பிராமண சந்நியாசியாக ஒரு பாதிரி. பண்டாரமாக ஒரு பாதிரி. ஒருவர் மற்றவரோடு வெளிப்படையாக உண்ணவும் பழகவும் முடியாது. ஏசு ஒருவரே, அவரைக் கொண்டு வருபவர் இருவர்! நால்வருணத்தைக் கண்டிக்க வந்த நாவே அதற்கு இலக்கணம் வகுத்த கொடுமையை என்னென்பது!

1744-இல் பாப்பரசர் பதினான்காம் பெனடிக்ட் இந்தச் சடங்குகளைக் குறித்துக் கடுமையான ஆணை ஒன்றை விடுத்தார். பறையர் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் குடிசைக்குள்ளே சென்று நோயுற்றோருக்கு அருட்சாதனம் அளிக்கப் பாதிரிமார் தயங்குவது அங்கே கேள்வியாயிற்று. கிடைத்த தீர்வு என்ன? அந்த மக்களுக்கென்று தனியாகக் குருக்களை ஒதுக்குவது! குடிசைக்குள் நுழையத் தயங்கிய காலைத் திருத்தவில்லை. தயங்காத கால் வேறொன்றைத் தேடினர். தீண்டாமையைத் தீர்க்கத் தீண்டாமையையே மருந்தாக்கினர்.

'அது கத்தோலிக்கர் கதை; நாங்கள் சீர்திருத்தச் சபையினர்' என்று தப்பிக்கவும் வழியில்லை. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார், நன்றி. ஆனால் அந்த மிஷனின் கோவில்களிலும் சாதிக்கு ஓர் இருக்கை இருந்தது. 1833-இல் பேராயர் தானியேல் வில்சன் 'சாதியைச் சபையிலிருந்து அடியோடு அகற்றுக' என்று சுற்றறிக்கை விடுத்தபோது தஞ்சையிலும் சென்னையிலும் கிறித்தவ வேளாளர் கொதித்தெழுந்தனர். தமிழிலே தேனாகப் பாடிய வேதநாயக சாத்திரியாரே சாதியாசாரத்துக்காக வழக்காடினார் என்றால், பாட்டு வேறு, பண்பு வேறு என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டாவா?

நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் இதற்கெல்லாம் நினைவுச்சின்னம். இரு கைகளாகப் பிரியும் கோவில், ஒரு கையில் வேளாளர், மறு கையில் நாடார், நடுவிலே சுவர். பீடத்திலிருந்து பார்த்தால் இருசாராரும் தெரிவர். ஒருவருக்கு மற்றவர் தெரியார். கடவுளுக்குத் தெரிந்தது மனிதனுக்குத் தெரியக்கூடாது என்று கட்டிய கட்டடக்கலை! 1910-இல் காசானல் பாதிரியார் சுவரை இடித்தார். உயர்வு கோரியவர்கள் நீதிமன்றம் சென்றனர்; சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றும் தோற்றனர்.

இங்கே எங்கள் சீமையின் கதையையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 1897 சனவரியில் விவேகானந்தர் பாம்பனில் வந்திறங்கினார். இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி அவரை எதிர்கொண்டு வரவேற்றார். வேதாந்தத்தின் சமத்துவம் உலகுக்கே உரைக்கப்பட்டதாகப் புகழ்மாலை! அதே 1897-இல் கமுதிக் கோவிலுக்குள் நாடார்கள் நுழைந்தனர். அதே மன்னர் பெயரால் வழக்குத் தொடரப்பட்டது. 1908-இல் இலண்டன் பிரிவுக் கவுன்சில் 'வழக்கம் இல்லை. ஆகவே நுழையும் உரிமையும் இல்லை' என்று முடித்தது. கோவில் தன் சாத்திரத்தைச் சொல்லி மறுத்தது. மாதாகோவில் தன் சாத்திரத்தை மறந்து சுவர் கட்டியது. முன்னதிடம் நேர்மையான கொடுமை. பின்னதிடம் நேர்மையும் இல்லை! வடக்கன்குளத்துச் சுவருக்கு விவிலியத்தில் ஒரு வரிகூட ஆதாரம் இல்லையே. ஆதாரம் இல்லாமல் இருந்தும் அது நின்றது என்றால், அதைத் தாங்கி நின்றது எது? 'பண்பாட்டுக்கு மதிப்பளிக்கிறோம்' என்ற சொல்தான்.

ஓரியூருக்கு வருவோம். திருவாடானைப் பக்கத்து அந்தச் சிற்றூருக்கு ஆண்டுதோறும் மக்கள் வெள்ளம் போகிறது. இலிசுபனில் 1647-இல் பிறந்த சான் தெ பிரிட்டோ, அருளானந்தர் என்ற பெயரோடு பண்டாரசாமியாக மறவர் சீமையில் உழைத்தவர். 1686-இல் சிறைப்பட்டு அடியுண்டு விரட்டப்பட்டார், ஐரோப்பா சென்றார், மீண்டும் வந்தார். சாகத் துணிந்து திரும்பியவரின் நெஞ்சுரத்தை நாம் குறைத்துப் பேச மாட்டோம். தடியத்தேவர் என்ற மறவர் தலைவர் அவர் மார்க்கத்தில் சேர்ந்தார். ஒருத்தியை மட்டும் மனைவியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. மற்ற மனைவியர் விலக்கப்பட்டனர். அவர்களுள் ஒருத்தி கிழவன் சேதுபதிக்கு நெருங்கிய உறவினள். அவள் முறையிட்டாள்; அரசியல் பகையும் சேர்ந்தது; 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரிலே அருளானந்தரின் தலை கொய்யப்பட்டது. 1947-இல் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது.

கதையை எப்படிச் சொல்கிறார்கள், கவனியுங்கள். துறவி தூயவர்; தலைவர் மனந்திரும்பியவர்; மன்னர் கொடியவர்; விலக்கப்பட்டவளோ பழிவாங்கிய பாவி! ஒருவனுக்கு ஒருத்தி என்ற அறத்தை நாம் முழுமனத்தோடு ஏற்கிறோம். ஆனால் பலரை மணந்தவன் யார்? ஆண். பாவம் உணர்ந்தவன் யார்? அவனே. ஞானத் தண்ணீர் பெற்றவன் யார்? அவனே. வீட்டை விட்டுப் போனவள் மட்டும் பெண்! அவன் பாவத்துக்கு அவள் பரிகாரம். அவளுக்குச் சோறு யார் போடுவது, அவள் எங்கே போவது, அவள் பிறந்த அந்தக் காலத்துச் சமூகம் அவளை என்ன சொல்லி அழைக்கும் என்று கேட்ட உபதேசியார் எவர்? கேட்பதற்கு ஓர் அரசனைத் தவிர அவளுக்கு யார் இருந்தனர்? வாளைத் தூக்கியதை நாம் ஆதரிக்கவில்லை. கருத்துக்காக ஒருவன் தலையை வெட்டுவது காட்டுமிராண்டித்தனம், வெட்டியவன் நம் மண்ணின் மன்னனேயானாலும்! ஆனால் முந்நூற்று முப்பது ஆண்டுகளாக ஒரு பெண்ணின் முறையீட்டை வெறும் சூழ்ச்சி என்றே சொல்லிவரும் விசுவாசம், பண்பாட்டோடு உரையாடுகிறது என்றால் நாம் நம்ப வேண்டுமா? பெண்ணோடு பேசாத வாய் எந்தப் பண்பாட்டோடு பேசும்?

ஓரியூர் மணல் சிவந்திருப்பது அவர் குருதியால் என்கிறார்கள். மணல் சிவக்க இரும்புத் துரு போதும். தேரிக்காடு முழுவதும் சிவந்துதானே கிடக்கிறது! அந்த மணலைப் பொட்டலமாகக் கட்டிச் செல்லும் கூட்டத்தில் எல்லாச் சாதியாரும் உண்டு, எல்லா மதத்தாரும் உண்டு. மொட்டை உண்டு, நேர்ச்சை உண்டு, ஆட்டுக்கிடா உண்டு. 'பாருங்கள், மக்கள் பண்பாட்டோடு கலந்துவிட்டோம்' என்பர் சிலர். மூடநம்பிக்கையோடு கலப்பது எளிது, ஐயா! மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் பாய்வதுபோல அது தானே நடக்கும். சாதி ஒழிப்போடு கலப்பதுதான் அரிது.

'பழங்கதை பேசுகிறாயே' என்பார்கள். இன்றைய கதையே பேசுவோம். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 திசம்பரில் வெளியிட்ட ஆவணம், தன் மக்கள் 1 கோடியே 90 இலட்சத்தில் 1 கோடியே 20 இலட்சம் பேர் தலித்துகள் என்றது. திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதையும் ஒப்புக்கொண்டது. ஆயர் 171 பேரில் தலித்துகள் 12 பேர். தலித் ஒருவர் முதன்முதலாகக் கர்தினால் ஆனது 2022-இல். அவரும் ஆந்திரத்தில் பிறந்த ஐதராபாத் பேராயர். 1530-களில் தொடங்கிய கதையில் 2022-இல்தான் அந்த வரி எழுதப்பட்டது! 2008 மார்ச்சில் எறையூரிலே, தனிப் பங்கும் பொதுக் கல்லறையும் பொதுப் பாதையும் கேட்ட தலித் கிறித்தவர் வீடுகள் தாக்கப்பட்டன. கலவரத்தில் காவல்துறை சுட்டு இருவர் மாண்டனர். இருபுறமும் செபமாலை அணிந்த கழுத்துகள்!

எங்கள் பழைய இராமநாதபுர மாவட்டத்தின் புதுப்பட்டியிலே பிறந்தவர் பாமா. 1985-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் அவ்வூர் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. துறவற மடத்திலே சேர்ந்து, உள்ளே சாதியைக் கண்டு, வெளியே வந்து 1992-இல் 'கருக்கு' எழுதினார். விசுவாசத்துக்கும் பண்பாட்டுக்கும் நடந்த உரையாடலிலே தமிழில் எழுந்த நேர்மையான குரல்களுள் அதுவும் ஒன்று. அது மறைக்கல்லூரி மேடையிலிருந்து எழவில்லை. மடத்தின் வாசலைத் தாண்டி வெளியே வந்தபின் எழுந்தது. இதைவிடச் சான்று வேண்டுமோ?

இனி அவர்கள் சொல்லும் சமாதானங்களைப் பார்ப்போம்.

'சாதி இந்து மதத்து நோய். எங்களுக்கு ஒட்டிக்கொண்டது' என்பது ஒன்று. நோய் எவரிடமிருந்து வந்தாலும் மருத்துவன் என்று பலகை தொங்கவிட்டவன் மருந்து கொடுக்க வேண்டும். நோயைப் 'பண்பாடு' என்று பதிவேட்டில் எழுதி வைத்தவன் தொற்றைக் குறை சொல்லலாகாது.

'நொபிலி தம் காலத்து மனிதர். இன்றைய அளவுகோலால் அளக்கலாமா' என்பது மற்றொன்று. நன்று, அவர் காலத்து அளவுகோலாலேயே அளப்போம். அவருக்கு எதிரே அதே மதுரையிலே, பரதவரோடு வாழ்ந்த பாதிரியார் ஒருவர் இருந்தார். அவருக்கு முன்னே, தமிழ்க் கரையிலே, பூணூல் இல்லாமலேயே தமிழ் கற்ற அண்டிரிக் அடிகளார் இருந்தார். மாற்றுவழி அக்காலத்திலேயே இருந்தது, கண்முன்னே இருந்தது, வேண்டாம் என்று தள்ளப்பட்டது. ஆகவே காலத்தின் மீது பழி போடுவது பொருந்தாது.

'கால்டுவெல் இல்லையேல் திராவிடம் என்ற சொல்லுக்கு ஏது வலிமை? போப் இல்லையேல் குறள் மேலை நாட்டில் பரவுமா? நன்றி கொன்றவர்களே!' என்பது மூன்றாவது. 1856-இல் கால்டுவெல் தந்த ஒப்பிலக்கணத்துக்கும், 1886-இல் போப் தந்த குறள் மொழிபெயர்ப்புக்கும் தமிழன் நன்றி சொல்லாத நாளில்லை. நன்றி வேறு, வாய்மூடல் வேறு. இலக்கணம் எழுதியதற்காக இருக்கையைப் பிரித்ததை மன்னிக்க முடியுமா? அகராதி தந்த கைக்கு முத்தம் கொடுப்போம்; அதே கை கட்டிய சுவரை இடிப்போம். இரண்டும் முரணல்ல.

நம் பக்கத்திலும் சிலர் கேட்பர்: 'கடவுளே பொய் என்கிறோம். பொய்யான வீட்டிலே எந்த அறையில் யார் இருந்தால் நமக்கென்ன?' தோழர்களே, இந்தக் கேள்வி கூர்மையானதுபோலத் தோன்றும், உண்மையில் சோம்பலானது. பெர்ட்ரண்ட் ரசல், தாம் ஏன் கிறித்தவர் அல்லர் என்பதை 1927-இல் இலண்டனில் விளக்கினார். அதைச் சுயமரியாதை இயக்கம் தமிழிலே கொண்டு வந்தது. கடவுள் உண்டு என்பதற்குக் காட்டப்படும் வாதங்களை அவர் ஒவ்வொன்றாய் நொறுக்கினார். அது வேண்டிய பணி. ஆனால் ரசல் ஊரிலே இறந்தவனுக்குச் சாதிக் கல்லறை கிடையாது. நம் ஊரிலே உண்டு. வடித்தெடுத்த வாதத்தாலே கடவுளை மறுத்துவிட்டுக் கல்லறைச் சுவரைக் கடந்து போகிறவன் பாதி வேலையைத்தான் செய்தவன். கோவில் நுழைவுக்குப் போராடியவர் எல்லாரும் கும்பிடவா போராடினர்? மனிதனை நிறுத்தும் இடம் எதுவாயினும் அங்கே மறிப்பை உடைப்பது மானத்தின் வேலை.

அரசு செய்யும் அநீதியையும் இங்கேயே சொல்லியாக வேண்டும். 1950 ஆகஸ்டு 10 அன்று பிறந்த குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினர் என்ற உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956-இல் சீக்கியரைச் சேர்த்தனர். 1990-இல் பௌத்தரைச் சேர்த்தனர். கிறித்தவரும் இசுலாமியரும் வெளியே நிற்கின்றனர். சாலையோரம் செருப்புத் தைத்த ஒரு கிறித்தவத் தொழிலாளி தொடுத்த வழக்கிலே, மதம் மாறிய பிறகும் இழிவு அதே கொடுமையோடு தொடர்கிறது என்று மெய்ப்பிக்கச் சொல்லி 1985-இல் உச்சநீதிமன்றம் கைவிரித்தது. 2007-இல் இரங்கநாத் மிசுரா ஆணையம் மத வேலியை நீக்கச் சொன்னது, 2022-இல் கே.ஜி. பாலகிருட்டிணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைந்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் உரிமை கோரித் தீர்மானம் இயற்றியது. மலம் அள்ளும் கையைப் பார்த்துச் சாதி சொல்லும் சமூகம், சலுகை கேட்கும்போது மட்டும் கழுத்துச் சிலுவையைப் பார்க்கிறது! 'உங்கள் மார்க்கத்தில்தான் சாதி இல்லையே' என்று விவிலியத்தை எடுத்துக் காட்டுகிறது. இந்த மத வேலி பகுத்தறிவுக்கு ஒவ்வாதது. அதை அகற்றக் கிறித்தவத் தோழர்களோடு தோள் சேர்த்துப் போராடுவது நம் கடமை.

ஆனால் அதே மூச்சில் சபைத் தலைவர்களையும் கேட்போம். தில்லியிலே நின்று 'எங்களுக்குள் சாதி உண்டு. உரிமை தா' என்கிறீர்கள். ஊரிலே நின்று 'எங்களுக்குள் சாதி இல்லை. கேள்வி கேட்காதே' என்கிறீர்கள். எந்த நாக்கு உண்மை? தில்லி நாக்கு உண்மையென்றால் ஊரிலே சுவரை இடியுங்கள். ஊர் நாக்கு உண்மையென்றால் மனுவைத் திரும்பப் பெறுங்கள். மனு நியாயமானது, ஆகவே இடிக்க வேண்டியது சுவரே.

மாற்றுவழி இல்லாமல் இல்லை. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியிலே தியாப்பிலசு அப்பாவு என்றொரு ஆசிரியர் இருந்தார். 1940-இல் பிறந்து 2005-இல் மறைந்தவர். 'பரட்டை' என்று தம்மைத் தாமே அழைத்துக்கொண்டவர். கருநாடக இசையிலே கீர்த்தனை பாடுவதே தமிழ்ப் பண்பாடு என்றிருந்த சபையிலே அவர் பறையைக் கொண்டு வந்தார். நாட்டுப்புற மெட்டைக் கொண்டு வந்தார். 'ஒரே உலை' என்பது அவர் கருத்தின் மையம்: எல்லாரும் ஒரே உலையில் சமைத்து ஒன்றாக உண்பது. அவர் கடவுளை நம்பினார், நாம் நம்பவில்லை. ஆனால் அந்த உலையருகே உட்கார நமக்குத் தடையில்லை. நொபிலி தனிச் சமையலில் தொடங்கினார். அப்பாவு ஒரே உலைக்கு வந்தார். நானூறு ஆண்டுக்கால உரையாடலின் நீதி இந்த இரண்டு அடுப்புகளுக்கு நடுவே இருக்கிறது.

இளைஞர்களே! இனி எவரேனும் 'விசுவாசமும் பண்பாடும்' என்று மேடையேறினால் மூன்றே இடங்களைச் சுட்டிக் கேளுங்கள். கல்லறை: எல்லாரையும் ஒரே மண்ணில் புதைக்கிறீர்களா? தேர்: எல்லாத் தெருவுக்கும் உங்கள் தேர் வருகிறதா? பீடம்: கடைசித் தெருவில் பிறந்தவன் அங்கே நின்று பூசை வைக்க, முதல் தெருவில் பிறந்தவன் நாக்கு நீட்டி அப்பம் வாங்குகிறானா? இந்தக் கேள்விக்குக் கிரேக்கமும் இலத்தீனும் தேவையில்லை. இறையியல் பட்டமும் தேவையில்லை. பாம்பனிலிருந்து தொண்டி வரை, வேதாளையிலிருந்து ஓரியூர் வரை நடந்து போய்க் கேட்கலாம்.

விடை 'ஆம்' என்று வரும் ஊரை வாழ்த்துங்கள். அங்கே உரையாடல் நடந்திருக்கிறது. விடை வராத ஊரில் நில்லுங்கள், உள்ளேயிருக்கும் தோழனைத் தேடிப் பிடியுங்கள், அவன் செபமாலையைக் கேலி செய்யாதீர்கள், சுவரைக் காட்டுங்கள். சுவரின் இருபுறமும் ஒரே நேரத்தில் கடப்பாரை விழட்டும்.

கொல்லத்து அச்சகத்திலே அன்று பதினாறு பக்கம் அச்சானபோது, முத்துக் குளித்தவன் தன் காசைக் கொடுத்தது பூணூலுக்குப் பொன்முலாம் பூசவா? எழுத்தைத் தெரிந்துகொள்ளவே கொடுத்தான். அந்தக் கடன் இன்னும் தீரவில்லை. தீர்க்கச் சொல்லிக் கேட்கும் உரிமை அவன் பேரப்பிள்ளைகளுக்கு உண்டு. கேட்கும் துணிவை அவர்களுக்கு ஊட்டும் பொறுப்பு நமக்கு உண்டு!